மியூ இருந்த இடத்தில் எம்

சாருலதா சேலத்தில் எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2001-ல் பிராங்பேர்ட்டுக்கு வந்தவள். கணினி தெரிந்தவர்களுக்கு ஜெர்மனி அப்போது தனி அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. கணவன் யோகேஷுக்கு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. அவளுக்குப் பக்கத்து ஊரான எஷ்போர்னில், தரைவிரிப்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர். முதலாளி லூட்கே என்கிற ஐம்பது வயதுக்காரர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து காபி போட்டு வைப்பார்.

அந்த நிறுவனத்தின் தொழில் ஒன்றே ஒன்றுதான். வருஷக்கணக்காக வேர்டில் அடித்துச் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளை வாடிக்கையாளர்கள் கொடுப்பார்கள். அதை இணையப் பக்கங்களாக மாற்றித் தர வேண்டும். வேர்டே அதைச் செய்யும், 'வலைப்பக்கமாகச் சேமி' என்று ஒரு வசதி உண்டு. ஆனால் அதிலிருந்து வருவது சகிக்காது. ஒரு வரி எழுத்துக்குப் பின்னால் பத்து வரிக் குப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த எழுத்துக்கு இந்த உரு, இந்த அளவு, இந்த நிறம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிக் கட்டளை. பக்கம் திறக்கவே நேரம் பிடிக்கும்.

சாரு அந்தக் குப்பையை அள்ளிப்போட ஒரு புரோகிராம் எழுதினாள். அதற்குத் துடைப்பம் என்று பேர் வைத்தாள். ஜெர்மன்காரர்கள் வாயில் அது 'டுடப்பாம்' ஆனது. எழுத்துரு, நிறம், அளவு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் வார்த்தைகளையும் அட்டவணைகளையும் மட்டும் விட்டு வைக்கும். பிறகு எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சீரான தோற்றம் கொடுத்துவிடலாம். புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் லூட்கே அவளுடைய மேஜைக்கு அழைத்துவந்து, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று காட்டுவார். வீட்டில் யோகேஷ் மட்டும், "எம்.சி.ஏ. படிச்சுட்டு காப்பி-பேஸ்ட் பண்றே" என்று சீண்டுவான். அவளுக்குக் கோபம் வராது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

2003 இலையுதிர் காலத்தில் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து ஒரு மருத்துவமனை வாடிக்கையாளராக வந்தது. ஹம் நகருக்குப் போய் அங்கிருந்து சின்ன ரயில் பிடிக்க வேண்டிய ஊர். மருத்துவமனையின் எல்லா வார்டுகளிலும் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்ற விவரங்கள் தடிமனான கோப்புறைகளில், காகிதமாக இருந்தன. அவற்றின் வேர்டு மூலங்களைக் கொடுத்து, மருத்துவமனைக்குள் மட்டும் திறக்கும் இணையப் பக்கங்களாக மாற்றித் தரச் சொன்னார்கள். சாரு இரண்டு மாதம் அதில் உட்கார்ந்தாள். அறுவைப் பிரிவு, இதயப் பிரிவு, மகப்பேறு என்று ஒவ்வொன்றாக முடித்து அனுப்பினாள். அவர்கள் பார்த்துச் சரி என்றார்கள். கடைசியாக வந்தது குழந்தைகள் பிரிவு. அதையும் துடைத்து, வரிசைகள் கோணாமல் நிற்கிறதா, நெடுவரிசைகள் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு அட்டவணையையும் கண்ணால் பார்த்து வெள்ளிக்கிழமை அனுப்பினாள். ஏற்கனவே மற்றப் பிரிவுகள் சரியாக வந்திருந்ததால் அங்கேயும் யாரும் பெரிதாகச் சரிபார்க்கவில்லை. திங்கட்கிழமை காலையில் புதுப் பக்கங்கள் நடைமுறைக்கு வந்தன. பழைய கோப்புறைகளை வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

சாருவுக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரை. அந்த வாரம் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, அளவையும் டாக்டர் கூட்டியிருந்தார். அதே திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரம்மா புதுப் பெட்டியை நீட்டி, "இனிமேல் எழுபத்தைந்து, மறக்காதீர்கள்" என்றாள்.

பெட்டியில் '75 மைக்ரோகிராம்' என்று முழுதாக எழுதியிருந்தது. மற்ற மாத்திரைப் பெட்டிகளில் எல்லாம் mg என்று இரண்டே எழுத்துத்தான் போட்டிருக்கும். பேச்சுக்குக் கேட்பதுபோல, "இதில் மட்டும் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறார்கள்?" என்று கேட்டாள்.

"சுருக்கினால் µg. அந்த மியூவை யாராவது எம் என்று படித்துவிட்டால் மில்லிகிராம், ஆயிரம் மடங்காகிவிடும் இல்லையா? அதனால்தான்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரம்மா சில்லறையை எண்ணினாள்.

சாரு சில்லறையை வாங்கவில்லை. குழந்தைகள் பிரிவு அட்டவணையில் அவளுடைய மாத்திரையின் பேரும் இருந்தது. வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தபோது, பிறந்த குழந்தைக்குக்கூட இது கொடுப்பார்களா என்று ஒரு கணம் நினைத்துக்கூடப் பார்த்தாள். அந்த வரிசையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது mg. மியூ இல்லை. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடையை விட்டு வெளியே வந்தாள். சாலையைக் கடந்தது அவளுக்குத் தெரியவில்லை; ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தது மட்டும் காதில் விழுந்தது.

மேஜைக்கு வந்து பக்கத்தைத் திறந்தாள். mg என்றுதான் இருந்தது. மருத்துவமனை கொடுத்த வேர்டு கோப்பைத் திறந்தாள். அதே வரிசையில் µg. மியூ பளிச்சென்று இருந்தது. அந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்தாள். மேலே எழுத்துருப் பெட்டியில் 'சிம்பல்' என்று காட்டியது. எழுத்தைத் தேர்ந்து, எழுத்துருவைச் சாதாரண டைம்ஸுக்கு மாற்றினாள். அவள் கண்முன்னால் மியூ எம் ஆனது.

விஷயம் இதுதான். அந்தக் கோப்பை அடித்தவர் மியூவை அடிக்கவில்லை. 'm' என்ற எழுத்தை அடித்து அதற்குச் சிம்பல் எழுத்துருவைப் போட்டிருந்தார். அந்த எழுத்துருவில் எம், மியூ மாதிரித் தெரியும். கண்ணுக்கு மியூ, உள்ளே எம். சாருவின் துடைப்பம் எழுத்துருவைத் துடைத்தது. உள்ளே இருந்த எம் வெளியே வந்துவிட்டது. மற்றப் பிரிவுகளின் கோப்புகளில் உண்மையான மியூவையே அடித்திருந்தார்கள். அதனால் அங்கே ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தைக் கீழே நகர்த்திப் பார்த்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். குழந்தைகள் பிரிவு முழுவதும் ஒரு மியூகூட மிச்சமில்லை.

லூட்கேயின் அறைக்குப் போய் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து காட்டினாள். எழுத்துருவை மாற்றி மாற்றிக் காட்டினாள். மியூ, எம். மியூ, எம்.

"முதலில் வக்கீலிடம் பேசிவிடுவோம்" என்றார் மெல்ல. "போனில் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நான் இப்போதே அவரைக் கூப்பிடுகிறேன்."

சாரு ரிசீவரை எடுத்து மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். அவர் பக்கத்திலேயே நின்றார். தடுக்கவில்லை.

வரவேற்பில் இருந்தவள் கணினிப் பிரிவுக்கு இணைப்பு கொடுத்தாள். அங்கே யாரும் எடுக்கவில்லை, சாப்பாட்டு நேரம். திரும்பக் கூப்பிட்டு, மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் மருந்தகத்துக்குக் கொடுக்கச் சொன்னாள். ஒரு பெண் குரல் எடுத்து, "மருந்தகம், இம்மானுவேல்" என்று தன் குடும்பப் பேரைச் சொன்னது. சாருவுக்கு ஜெர்மன் நன்றாகவே வரும். ஆனால் அப்போது வாயில் எதுவும் வரவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள், வினைச்சொல் கிடைக்காமல் நின்றாள், "கடவுளே, எப்படிச் சொல்றது" என்று தமிழில் முனகினாள்.

"நீங்கள் தமிழோ?" என்று அந்தக் குரல் கேட்டது. "நானும் தமிழ்தான். டொறத்தி. ஆறுதலாச் சொல்லுங்கோ."

"குழந்தைங்க வார்டு பேஜ் இருக்கில்ல, இன்னிக்கு வந்தது. அதுல மில்லிகிராம்னு இருக்கிறதை நம்பக் கூடாது. மைக்ரோகிராம் எல்லாம் மில்லிகிராம் ஆயிடுச்சு. நாங்க கன்வெர்ட் பண்ணும்போது மாறிடுச்சு. யாரும் அதைப் பாத்து எதுவும் கொடுக்கக் கூடாது."

"எல்லாமோ?"

"எல்லாமே."

டொறத்தி யாருக்கோ சொல்வது போல, "பை மேல போயிட்டுது" என்றாள். ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம். ஓடும் காலடிகள். ஒரு கதவு அடித்துக்கொண்டது.

சாரு காதில் வைத்த ரிசீவரை எடுக்கவில்லை. அந்த அறையில் எங்கோ ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ வந்து எதையோ எடுத்துக்கொண்டு போனார்கள். லூட்கே, "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். என்ன பை, யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

கடைசியில் ரிசீவர் எடுக்கப்பட்டது. டொறத்திக்கு மூச்சு வாங்கியது.

"நிப்பாட்டியாச்சு அக்கா. கம்பியிலை கொழுவி வச்சிருக்கினம். பிள்ளைக்குக் குழாய் இன்னும் குடுக்கேல்லை. நான் கழட்டிக் கொண்டந்திட்டன்."

சாரு அழவில்லை. "சரி" என்றாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"என்ன அதுல?" என்று பிறகு கேட்டாள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பால் குடிக்க முடியாது. நரம்பு வழியாகவே சத்துநீர் ஏற்ற வேண்டும். அதை அந்த மருந்தகத்தில் தினம் காலையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகக் கலக்கிறார்கள். சர்க்கரை, உப்பு, துத்தநாகம் என்று ஒவ்வொன்றின் அளவையும் கொடுத்தால் இயந்திரம் கலந்து தரும். அன்றைக்குத் துத்தநாகத்தின் அளவைப் புதுப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். சரிபார்த்தவரும் அதே பக்கத்தைப் பார்த்துத்தான் சரிபார்த்தார்.

"அளவு கூடத்தானே இருக்குது எண்டு ஒருக்கா யோசிச்சன்" என்றாள் டொறத்தி. "புதுப் பக்கம் வரேக்கை அளவுகளும் சிலது மாறும் எண்டு சொல்லியிருந்தவை. குழந்தைகள் பிரிவுப் பேராசிரியர் மாத்தியிருக்கிறார் எண்டு நினைச்சிட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "நான்தான் அக்கா கலந்தனான்" என்றாள்.

சாரு அந்தப் பக்கங்களை உடனே எடுத்துவிடச் சொன்னாள்.

அன்று மாலைக்குள் குழந்தைகள் பிரிவுப் பக்கங்கள் எல்லாம் நீக்கப்பட்டன. கிடங்கில் கிடந்த பழைய கோப்புறைகள் திரும்ப வந்தன. வேறு எந்தக் குழந்தைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்து மருந்து கொடுக்கப்படவில்லை என்று உறுதியான பிறகுதான் சாரு வீட்டுக்குக் கிளம்பினாள். யோகேஷ் கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தான்.

எல்லாவற்றையும் கேட்டபின், "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சாரு" என்றான்.

"ஆகலை. ஆனா அதுக்கு நான் காரணம் இல்ல. மாத்திரை தீந்துபோச்சு. அந்தம்மா எனக்குப் பதில் சொன்னா. போன வாரமே மாத்திரை வாங்கியிருந்தா? நாளைக்கு வாங்கலாம்னு விட்டிருந்தா?"

யோகேஷ் சாதத்தைப் பிசைந்து அவள் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

சில நாள் கழித்து லூட்கேயும் அவளும் அந்த மருத்துவமனைக்குப் போனார்கள். கூட்ட அறையில் நிர்வாகி, மருந்தகத் தலைவர், டொறத்தி, குழந்தைகள் பிரிவின் பேராசிரியர். டொறத்தி சாருவைவிட இளையவள், நல்ல உயரம். பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஹம்முக்கு வந்தவளாம். சாருவைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தைகள் பிரிவின் கோப்புகளை எல்லாம் அடித்தவர் பேராசிரியர்தான். ஓய்வு பெறும் வயது. சாரு மடிக்கணினியில் எழுத்துருவை மாற்றிக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இன்னொரு முறை" என்றார். காட்டினாள்.

"பத்து வருஷமாக நான் அப்படித்தான் அடிக்கிறேன்" என்றார். "வேறு வழி இருக்கிறது என்றே தெரியாது."

சாரு விசைப்பலகையைக் காட்டினாள். ஜெர்மன் விசைப்பலகையில் எம் விசையின் மூலையில் சின்னதாக ஒரு மியூ அச்சிட்டிருக்கும். அவர் குனிந்து பார்த்தார். "எனக்கும் இந்த வாரம்தான் கண்ணில் பட்டது" என்றாள். அவளுக்கு அது உண்மை. இரண்டு வருஷத்துக்கு மேலாக அதே மாதிரி விசைப்பலகையில்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

யார் தப்பு என்று நிர்வாகி தொடங்கினார். சாரு, "கோப்பில் இருந்ததை மாற்றியது என் புரோகிராம்" என்றாள். லூட்கே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர், "என் கோப்பு" என்றார். மருந்தகத் தலைவர், ஒரே பக்கத்தை வைத்து இரண்டு பேரும் சரிபார்க்கும் பழக்கம் தங்களுடையது என்றார். நிர்வாகி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

கூட்டம் முடிந்து டொறத்தி அவளை மருந்தகத்துக்கு அழைத்துப் போனாள். விசாரணைக்காக அந்தப் பையை முத்திரை வைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். சாரு பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. டொறத்தி தானாகவே கதவைத் திறந்தாள். இளமஞ்சள் நீர் நிரம்பிய ஒரு சிறிய பை. பக்கத்தில் அன்றைக்கு அனுப்பவேண்டிய வேறு பைகள். சாரு மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிறம் ஒன்று, தெளிவு ஒன்று, அளவு ஒன்று. முத்திரையைக் கழற்றிவிட்டால் எது என்று அவளால் சொல்ல முடியாது. டொறத்தியாலும் முடியாது.

"வடிவா இருக்குது, என்ன?" என்றாள் டொறத்தி. சாரு குளிர்பெட்டியின் கதவைச் சாத்தினாள்.

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. துடைப்பம் இரண்டு வருஷமாக ஓடுகிறது. அது இந்த ஒரு மருத்துவமனையை மட்டுமா துடைத்தது? மறுநாள் பழைய வேலைகள் எல்லாவற்றையும் எடுத்துச் சிம்பல் எழுத்துரு எங்கெல்லாம் இருந்தது என்று தேடினாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு மின்கருவி நிறுவனத்தின் கையேட்டில் மின்தடையின் அலகான ஓம் குறி W ஆகியிருந்தது. வுப்பர்டாலில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தின் பக்கங்களில் 'இதற்கு மேல் போகக்கூடாது' என்று காட்டும் குறி, பிரிட்டிஷ் பவுண்டு குறியாக மாறியிருந்தது. அங்கே அது எண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

லூட்கே அவள் எடுத்த பட்டியலைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை பேரையும் கூப்பிட்டு நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று சொன்னால் இந்த நிறுவனம் இருக்குமா தெரியாது."

"நான் கூப்பிடுகிறேன்" என்றாள் சாரு. "நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். என் ஜெர்மன் நின்றுபோனால் பேசுங்கள்."

அவர் எழுந்து போனார். காபி போட்டுக்கொண்டு இரண்டு கோப்பையோடு திரும்பி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சிலர் கத்தினார்கள். ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார், போடவில்லை. வுப்பர்டால்காரர் அந்தப் பவுண்டு குறியைத் தான் கவனித்ததாகவும், ஆங்கிலேயர்களின் ஏதோ அளவு என்று நினைத்ததாகவும் சொன்னார். அப்படியென்றால் அந்தப் பக்கத்தை வைத்தே அங்கே வேலை நடந்திருக்கிறது. இரண்டு வாடிக்கையாளர்கள் விலகினார்கள். மற்றவர்கள் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷம் நிறுவனம் சுருங்கி, பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். சாரு இருந்தாள்.

மருத்துவமனையும் விலகும் என்றுதான் லூட்கே நினைத்தார். விலகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள், ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். சாருவும் டொறத்தியும் மருந்தகத்தின் பின்னறையில் ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பேராசிரியரின் பழைய காகிதத்தைப் படிப்பாள். மற்றவள் திரையைப் படிப்பாள். மியூவை எங்கேயும் போடவில்லை. முழுதாக மைக்ரோகிராம் என்றே எழுதினார்கள். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிடும். டொறத்தி வீட்டிலிருந்து இடியப்பம் கொண்டுவருவாள். ஒருநாள் சாப்பிடும்போது சாரு கேட்டாள்:

"அந்தக் குழந்தையோட அப்பா அம்மாகிட்ட சொன்னாங்களா?"

"சொன்னவை. பேராசிரியரே போய்ச் சொன்னவர். தாய் போன் பண்ணினது ஆர் எண்டு கேட்டவவாம்."

"என்ன சொன்னாரு?"

"பிராங்பேர்ட்டிலை இருந்து ஒரு பிள்ளை எண்டு."

"குழந்தை பேரென்ன?"

"அது சொல்ல ஏலாது அக்கா" என்றாள் டொறத்தி. சாரு மறுபடி கேட்கவில்லை.

2004 மார்ச்சில் ஒரு சாயங்காலம் சாரு வேலை முடிந்து எஸ்-பான் ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். கூட்டம், நின்றபடி வந்தாள். கைபேசி அடித்தது. டொறத்தி.

"அந்தப் பிள்ளை இண்டைக்கு வீட்டை போயிட்டுது அக்கா. நான் கண்டனான். தகப்பன்தான் கூடையிலை வச்சுத் தூக்கிக் கொண்டு போனவர். நல்ல கொழுகொழு எண்டு..."

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. பேச்சு அறுந்துபோனது. சாரு கைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றாள். பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். தன் முகம் எப்படி இருக்கிறதோ என்று அவளுக்குத் தெரியவில்லை, உட்கார்ந்தாள். நிலையங்கள் வந்தன, போயின. தன்னுடைய நிலையம் எப்போதோ கடந்துவிட்டதைக் கவனித்தபோது வண்டி ஆற்றுக்கு அப்பால் போயிருந்தது. இறங்கி எதிர்ப்பக்க மேடைக்குப் போய், திரும்பிப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தாள்.